ஒருநாள்பூவின் விதை

மண்முனைப் பாலத்தில் ஏறும்போதே வதனி ஸ்கூட்டியின் வேகத்தைக் குறைத்தாள். பெப்ரவரி தொடக்கம். வாவிக்காற்றில் இன்னும் மாரியின் ஈரம் இருந்தது. காலடியில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. அதற்குள் சோறு இல்லை. ஈரத்துணி விரித்து, அதன் மேல் அன்று காலை விரிந்த செம்மஞ்சள் பூக்கள் இரண்டை வைத்திருந்தாள். பொழுதுபடுவதற்குள் சுருங்கிப் போகும் பூக்கள் அவை. காத்தான்குடி போய்ச் சேரும் வரை அவற்றின் மகரந்தம் உதிராமல் இருந்தால் போதும்.

விடியல் வெள்ளாப்பிலேயே றிஸானா அழைத்திருந்தாள். "என்ட மஞ்சள் பூத்திரிக்கி. உன்ட பூத்திரிக்கா? பூத்திருந்தா இண்டைக்கே வா. நாளைக்கு வந்து ஒண்டுக்கும் ஆகாது."

இரண்டு பேரும் ஓய்வு பெற்ற ஆசிரியைகள். வதனி கொக்கட்டிச்சோலையில் கணவன் வினாயகமூர்த்தியோடு இருக்கிறாள். றிஸானா காத்தான்குடியில் தனியாக இருக்கிறாள். கணவர் மௌத்தாகி இரண்டு வருடம். ஒரே மகள் இர்ஷானா குடும்பத்தோடு தோஹாவில்.

கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றாள் றிஸானா. "பெட்டியத் தா. வாடிட்டா?"

"உள்ளுக்கு வரவிடுகா முதல்ல," என்று தலைக்கவசத்தைக் கழற்றினாள் வதனி.

குசினிக்குப் பின்னால், மாமர நிழலில் ஒரு பூச்சாடி. நீண்ட புல்லைப் போன்ற இலைகளுக்கு நடுவே ஒரு தண்டு. அதில் இரண்டு மஞ்சள் பூக்கள். மகள் குடும்பம் லீவில் வந்திருந்தபோது எல்லோரும் நுவரெலியாவுக்குப் போய்த் திரும்பும் வழியில் றிஸானா வாங்கிய செடி அது. வதனி செம்மஞ்சள் பூவிலிருந்து மகரந்தம் ஒட்டிய இழை ஒன்றைப் பிடுங்கினாள். மஞ்சள் பூவின் நடுவிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய தண்டின் நுனியில் அதைத் தொட்டுத் தடவினாள். பிறகு மற்றப் பூவிலும்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

றிஸானா சிரித்தாள். "மாப்பிள படுவான்கரை, பொண்ணு எழுவான்கரை. வாவியத் தாண்டின கலியாணம். ஊருக்குச் சொல்லிப்போடாத."

சூரியன் எழும் பக்கம் காத்தான்குடி, படும் பக்கம் கொக்கட்டிச்சோலை. நடுவில் வாவி. அந்தப் பகிடியை வேறு யாராவது சொல்லியிருந்தால் வதனி சிரித்திருப்பாளோ தெரியாது.

அவர்கள் முதன்முதலில் சந்தித்தது இந்த இரண்டு கரையிலும் அல்ல. தொண்ணூற்றொன்றில், அப்புத்தளைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில். இருவருக்கும் முதல் நியமனம். விடுதி என்று காட்டப்பட்டது ஒரு தகரக்கூரை அறை. வதனி பெட்டியோடு போய் நின்றபோது, முக்காடு போட்ட ஒரு பெண் உள்ளே மண்ணெண்ணெய் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க எந்த ஊர் டீச்சர்?"

"கொக்கட்டிச்சோலை. நீங்க?"

"காத்தான்குடி."

ஊர்ப் பெயரைக் கேட்டதும் இருவரும் பார்வையை விலக்கிக்கொண்டார்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவருக்கொருவர் அஞ்சிய காலம் அது. முந்திய வருடம் வாவியின் இரண்டு பக்கமும் சாவு விழுந்திருந்தது. இருவர் வீட்டிலும் விழுந்திருந்தது. அந்த அறையில் இருந்த ஒரே கட்டிலைப் பார்த்தபடி வதனி நின்றாள். பிறகு குனிந்து அடுப்புத் திரியை வெளியே இழுத்து, கருகிய நுனியைக் கத்தரித்துக் கொடுத்தாள். அடுப்புப் பற்றியது. றிஸானா தேத்தண்ணி ஊற்றினாள். அன்று தொடங்கியதுதான்.

வீட்டுக்குப் போனால், யாரோடு இருக்கிறாய் என்று கேட்பார்கள். "ஒரு டீச்சரோட," என்பாள் வதனி. றிஸானாவும் தன் வீட்டில் அதையேதான் சொன்னாள். விடுமுறைக்கு இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே இருக்கையில், அம்பாறை வழியாகச் சுற்றிக் கல்முனை வரை வருவார்கள். கல்முனையில் இறங்கியதும் ஒருத்தி முன்னுக்கு, ஒருத்தி பின்னுக்கு. அடுத்த பஸ்ஸில் ஏறினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. லீவு முடிந்து மறுபடி மலை ஏறும்போது, பதுளை தாண்டிக் குளிர் அடிக்கத் தொடங்கும் இடத்தில்தான் விட்ட கதையைத் தொடர்வார்கள்.

அந்த அறை வாசலில் நின்றது இந்தச் செம்மஞ்சள் பூ. எந்தக் காலத்தில் யார் நட்டதோ. காலையில் பனிப்புகார் விலகும்போது விரியும். பின்னேரம் பாடசாலை விட்டு வரும்போது சுருங்கிக் கிடக்கும். மறுநாள் அதே தண்டில் வேறொன்று. அதன் பெயர் யாருக்கும் தெரியவில்லை. இவர்கள் ஒருநாள்பூ என்று சொல்லத் தொடங்கினார்கள். காலைத் தேத்தண்ணியை வாசற்படியில் இருந்து குடித்தபடி, இன்றைக்கு எந்த மொட்டு என்று பார்ப்பது வழக்கமாயிற்று. ஒரு தடவை வதனிக்குக் கடும் காய்ச்சல் வந்து, தோட்டத்து லொறியில் தியத்தலாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள் றிஸானா. திரும்பி வந்து படுத்திருந்தபோது, எழும்ப முடியாத வதனிக்குக் காலைதோறும் அன்றைய பூவைக் கிள்ளி வந்து கட்டில் தலைமாட்டில் ஒரு கிளாசில் வைத்தாள். "உனக்கு இண்டைய திகதி மறந்திரும் எண்டுதான்," என்றாள்.

இடமாற்றம் கிடைத்து ஊர் திரும்பியபோது ஆளுக்கொரு கிழங்கை ஜாம் டின்னில் மண்போட்டுக் கொண்டுவந்தார்கள். வதனியின் கிழங்கு கிணற்றடி ஈரத்தில் பெருகியது. றிஸானாவினது சுனாமி உப்பில் போய்விட்டது. வதனி பிரித்துக் கொடுத்த கன்றும் காத்தான்குடி மணலில் நிற்கவில்லை. செம்மஞ்சள் ஒருபோதும் காய்க்கவும் இல்லை. பூத்தால் உதிரும், அவ்வளவுதான். இணையத்தில் தேடிப் பார்த்து இர்ஷானாதான் சொன்னாள்: "அந்த இனம் காய்க்காதாம் உம்மா. ஆனா அதுர மகரந்தத்த வேற நிறத்துக்குப் போட்டா, சில நேரம் பிடிக்குமாம்."

அதைக் கேட்ட நாளிலிருந்து இரண்டு பேருக்கும் வேறு நினைப்பில்லை.

பிடித்தது. பூக்கள் வாடி விழுந்த இடத்தில் இரண்டு சிறிய பச்சை முடிச்சுகள் தங்கின. மூன்று வரம்பு ஓடிய முடிச்சுகள். ஒவ்வொரு நாளும் காலையில் றிஸானா படம் எடுத்து அனுப்புவாள். ஒரு கிழமையில் பட்டாணி போல, பிறகு பாக்குப் பிஞ்சு போல. எப்போது பிடுங்குவது என்றுதான் தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் அதைக் காய்க்க வைத்தவர்கள் யாரையும் அவர்களுக்குத் தெரியாது. காய் பழுப்பாகி நுனி வெடிக்க வேண்டும், அதற்கு முன்னால் பிடுங்கினால் விதை முற்றியிராது, பிந்தினால் நிலத்தில் கொட்டிப் போகும் என்று இணையத்தில் எழுதியிருந்தது. ஆனால் எழுதியவர்கள் குளிர் நாட்டுக்காரர். இந்த வெயிலில் காய் முந்துமா பிந்துமா என்று யாருக்குத் தெரியும்?

நோன்பு தொடங்கி ஒரு வாரம் இருக்கும். ஒரு காலை படம் வரவில்லை. வதனியே அழைத்தாள்.

"மகள் டிக்கட் போட்டுட்டாள்கா," என்றாள் றிஸானா. "பெருநாளைக்கு அங்க நிக்கோணுமாம். அடுத்த கிழமை."

"எப்ப திரும்பி வருவாய்?"

"இரிக்கிறதுக்குத்தான் கூப்பிர்ராள். உம்மா தனிய இரிந்தது போதும் எண்டு சொல்றாள். மருமகன் விசா எல்லாம் எடுத்துட்டார்."

வதனி குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகாதே என்று சொல்ல நியாயம் இல்லை. வீட்டில் விழுந்து கிடந்தாலும் ஆள் தெரியாத தனிமை றிஸானாவினது. போ என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"அப்ப காய்?" என்று கேட்டாள் கடைசியில்.

"அதத்தான் நானும் யோசிக்கன்."

மூன்றாம் நாள் மத்தியானம் மறுபடி அழைப்பு. றிஸானாவின் குரல் உடைந்திருந்தது. "ஒரு வேல செஞ்சு போட்டன் வதனி. வாகா."

வதனி போனபோது, றிஸானா மாமரத்தடியில் ஒரு பீங்கானைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். பீங்கானில் இரண்டாகப் பிளந்த ஒரு காய். உள்ளே மூன்று அறை. அறைக்குள் வரிசையாக விதைகள், பிஞ்சு வெள்ளரி விதையைப் போல வெள்ளையாக. வதனி ஒன்றை நகத்தால் அழுத்தினாள். தண்ணீர் கசிந்தது.

"மஞ்சளாகின மாதிரி இரிந்திச்சி. அமத்திப் பாத்தன். விட்டுக் குடுத்திச்சி. சரி எண்டு நினைச்சன்."

"இன்னும் கொஞ்ச நாள் நிண்டிருந்தா கறுத்திருக்கும்," என்றாள் வதனி. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது.

"எனக்கு எங்ககா கொஞ்ச நாள்?" றிஸானா பீங்கானை நிலத்தில் வைத்தாள். "பெட்டி அடுக்கத் தொடங்கிட்டன். வீட்ட மச்சான்ட மகன் பாத்துக்குவான். சாமான் எல்லாத்துக்கும் ஒரு இடம் சொல்லிட்டன். இதுக்கு மட்டும்தான் ஒண்டும் சொல்லத் தெரியல்ல. அங்க போய் ஒருநாள்பூ எண்டு நான் ஆருக்கிட்டச் சொல்ற? மகளுக்கு அது டே லில்லி. அந்தப் பேர் நம்மட ரெண்டு பேருக்கும்தானே தெரியும்."

அவள் அழுதாள். நோன்பு நேரத்து உலர்ந்த உதட்டோடு, முந்தானையைக் கடித்துக்கொண்டு, சத்தமில்லாமல். வதனி பக்கத்தில் இருந்தாள். மலையில் ஒரே ஒரு தடவைதான் இவள் இப்படி அழுது பார்த்திருக்கிறாள். ஊரிலிருந்து மறுபடி ஒரு கெட்ட செய்தி வந்த நாளில். அன்று என்ன சொல்வதென்று தெரியாமல் இரண்டு பேரும் ஒரே கம்பளிக்குள் இருந்து விடியும் வரை மழையைக் கேட்டார்கள். இன்று செய்வதற்கு ஒன்று இருந்தது.

"மற்றக் காயத் தொடாத," என்றாள். "சாடியோட நான் கொண்டு போறன். அது நேரம் வந்து வெடிக்கட்டும். வெடிக்கக்குள்ள உன்னக் கூப்பிர்றன்."

"நான் பாக்காம வெடிச்சிட்டா?"

"வெடிக்க விடமாட்டன்."

றிஸானாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "நீ டீச்சர்தான். காய்க்குக்கூடவா ஓடர் போடப் போறாய்?"

அன்று வதனி நோன்பு திறக்கும் வரை நின்றாள். தேத்தண்ணி போட்டுத் தருகிறேன் என்று றிஸானா எத்தனையோ தரம் சொல்லியும் குடிக்கவில்லை. பள்ளிவாசலில் வாங்கு சொன்னதும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் இருவருக்கும். கஞ்சியின் இஞ்சி வாசத்தில் வதனிக்கு அந்தத் தகர அறையின் முதல் நோன்பு நினைவுக்கு வந்தது. அங்கே வாங்கு கேட்காது. ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு இருந்து, நேரம் வந்ததும் "திற, திற" என்று கத்துவது வதனியின் வேலை.

"ரேடியோ பெட்டரி ஒருக்காச் செத்துப் போச்சி, ஞாபகமா?" என்று றிஸானாவே கேட்டாள். "நீ மலைக்கு அங்கால வெளிச்சம் போயிட்டா எண்டு பாக்கக் குடையோட வெளிய ஓடினாய்."

"புகாருக்குள்ள வெளிச்சம் எங்க தெரிஞ்சது. சும்மா ஒரு மதிப்பிலதான் சொன்னன்."

"அப்ப என்ட நோன்ப முறிச்சது நீதான்!"

இருவரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

பயணத்துக்கு முந்திய நாள் சாடி வாவியைக் கடந்தது. ஸ்கூட்டியில் கொண்டுபோனால் தண்டு முறியும் என்று ஒரு ஆட்டோ பிடித்தார்கள். சாடியைத் தன் மடியில்தான் வைப்பேன் என்று றிஸானா ஏறி உட்கார்ந்தாள். பாலத்தில் காற்று அடித்தபோது முக்காட்டுத் தலைப்பால் காயை மூடி, உள்ளங்கையால் தண்டை அணைத்துக்கொண்டாள். "தம்பி, மெதுவா," என்று சாரதியிடம் அடிக்கடி சொன்னாள். பாலம் வருவதற்கு முன்பு இதே இடத்தில் 'பாதை' என்ற மிதவைப் படகுக்காகக் காத்துக் கிடந்த காலங்களைப் பற்றி அந்தச் சாரதி ஏதோ பேசிக்கொண்டு வந்தான். அவள் கேட்கவில்லை.

வினாயகமூர்த்தி அப்போதுதான் வயல்வட்டையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அறுவடை முடியும் நேரம். வாசலில் நெல் காய்ந்தது.

"வாங்க டீச்சர்," என்று சாடியை வாங்கிக்கொண்டார். "நெல்லெண்டா விளைஞ்சிட்டா எண்டு சொல்லுவன். இதப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியா. ஆனா மாடு கடிக்காமப் பாத்துக்குவன். அது என்ட பொறுப்பு."

"அது போதும்," என்றாள் றிஸானா.

பிறகு கிணற்றடிக்குப் போனாள். மதில் ஓரம் முழுவதும் செம்மஞ்சள் பூவின் இலைகள் அடர்ந்து நின்றன. அந்த நாளின் பூ ஒன்று வெயிலில் சுருங்கத் தொடங்கியிருந்தது. அபாயாவில் சேறு படுவதையும் பாராமல் குந்தியிருந்து இலைகளைக் கையால் விலக்கி, அடிக்கிழங்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"நம்மட வாசல்ல நிண்டதுதானா இது?"

"அதேதான். பிரிச்சுப் பிரிச்சு நட்டது."

"எவ்வளவு பெருகிட்டு," என்றாள் றிஸானா. நெடுநேரம் அங்கேயே இருந்தாள். வதனி கிணற்றுக் கட்டில் சாய்ந்து நின்றாள். இளம் வயதில் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாத பஸ்களில் எத்தனை தரம் வந்திருக்கிறோம், இவள் என் வீட்டு முற்றத்தில் இப்படி இருக்க எவ்வளவு காலம் பிடித்தது என்று நினைத்தாள். றிஸானாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது.

கேற்றடியில் றிஸானா அவள் கையைப் பிடித்தாள். "வாறன்கா," என்று மட்டும் சொன்னாள். ஆட்டோ சந்தியில் திரும்பும் வரை வதனி நின்றாள்.

மறுகிழமை, பருவம் தப்பி மழை வந்தது. வதனி சாடியைத் தூக்கி முன்விறாந்தையில் வைத்தாள். ஈரம் ஏறினால் காய் அழுகும். வெயில் இல்லாவிட்டாலும் முற்றாது. மழை விட்டதும் வெளியே, தூறியதும் உள்ளே என்று நாள் முழுக்கத் தூக்கித் திரிந்தாள். கலியாண வீடொன்றில் பலகாரம் போட்டுத் தந்த வலைத்துணிப் பையைக் காய்க்கு மாட்டி, நூலால் தளர்வாகக் கட்டினாள். தான் அறியாமல் வெடித்தாலும் விதை பையிலேயே விழும்.

காய் மெல்ல நிறம் மாறியது. பச்சை மங்கியது. வரம்புகளில் பழுப்புக் கோடு ஓடியது. பிறகு தோல் முழுவதும் காய்ந்த வாழைச்சருகின் நிறத்துக்கு வந்தது. ஒவ்வொரு நாளும் விரலால் தொட்டுப் பார்ப்பாள். பிடுங்கிவிடலாமா என்று கை பரபரக்கும். பீங்கானில் கிடந்த வெள்ளை விதைகள் நினைவுக்கு வரும். கையை எடுத்துவிடுவாள். றிஸானா தோஹாவிலிருந்து தினமும் கேட்டாள்: "இன்னும் இல்லையா?"

"இன்னும் இல்ல."

"நீ சரியாப் பாக்கிறியா?"

"கண்ணாடி போட்டுத்தான் பாக்கிறன்."

பெருநாளுக்கு முந்திய ஒரு காலை, மழை கழுவிய வெயில் முற்றத்தில் விழுந்திருந்தது. வதனி பையை நீக்கிக் குனிந்தாள். காயின் நுனியில், மூன்று வரம்பும் சேரும் இடத்தில், மயிரளவு ஒரு வெடிப்பு. உள்ளே ஏதோ கறுப்பாக மினுங்கியது. தொலைபேசியை எடுத்து வீடியோ அழைப்புப் போட்டாள். தோஹாவில் சுபஹ் முடிந்த நேரம். றிஸானா தொழுகை உடையோடு வந்தாள்.

"வெடிச்சிட்டா?"

"நுனி மட்டும். இஞ்ச பார்."

"பிடுங்கு! கொட்டிரும்!"

"பொறுகா." வதனி தொலைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து நிறுத்தினாள். எனாமல் தட்டைக் கீழே பிடித்து, காம்பைக் கத்தரித்தாள். காயை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினாள். உலர்ந்த சத்தத்தோடு அது மூன்றாக விரிந்தது. தட்டில் விதைகள் உருண்டன. கறுப்பாய், வழுவழுப்பாய், மிளகைவிடச் சற்றுப் பெரிதாய். ஒரு அறை பொக்கு. மற்ற இரண்டிலும் இருந்தன. நகத்தால் அழுத்தினாள். கல் போல நின்றது.

றிஸானா திரைக்கு மிக அருகில் வந்திருந்ததால் அவளுடைய ஒரு கண்ணும் நெற்றியும்தான் தெரிந்தன. பின்னால் இர்ஷானாவின் குரல்: "என்ன உம்மா, ஏன் அழுறீங்க?"

"ஒருநாள்பூட விதை மகள்."

"என்ன பூ?"

"இரி, சொல்றன்," என்றாள் றிஸானா. மகளைப் பக்கத்தில் இருத்தி, மலையில் ஒரு தகர அறை இருந்தது என்று தொடங்கினாள். வதனி தட்டைக் கையில் பிடித்தபடி முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இடையிடையே, "அது அப்பிடி இல்ல," என்று திருத்தினாள்.

விதைகளை நிழலில் உலர்த்தி, சித்திரை பிறந்த பிறகு ஒரு தட்டில் மண் போட்டு நட்டாள். எல்லாம் முளைக்கவில்லை. முளைத்தவை ஊசிபோல் நின்றன. புல் என்று நினைத்து வினாயகமூர்த்தி ஒன்றைப் பிடுங்கியே விட்டார். பிறகு அவரே குற்றவுணர்ச்சியில் ஈர்க்குச்சிகளால் சுற்றி வேலி கட்டிக் கொடுத்தார்.

படத்தைப் பார்த்துவிட்டு றிஸானா அழைத்தாள். "புல்லுத்தான்கா இது. உன்ன ஏமாத்திப் போட்டுது."

"புல்லில்ல. பார்த்துக்கொண்டு இரு. பூக்க ரெண்டு மூண்டு வருஷம் எடுக்கும்."

"என்ன நிறமா இரிக்கும்?"

"ஆருக்குத் தெரியும். மஞ்சளும் வரலாம், செம்மஞ்சளும் வரலாம். ரெண்டும் இல்லாத ஒண்டும் வரலாம்."

"அப்ப லீவு போட்டுட்டு வாறன்."

"பென்சன் எடுத்த ஆளுக்கு என்ன லீவுகா?" என்றாள் வதனி.

தோஹாவில் றிஸானா சிரிக்கும் சத்தம் கிணற்றடி வரை கேட்டது.